தங்கையின் ஊசி

அக்காவுக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தபோது சின்னவள் அழவே இல்லை. வீட்டில் ஆளுக்கொரு மூலையில் இடிந்துபோய் உட்கார்ந்திருக்க, இவள் பெரிய டாக்டர் மாதிரி எல்லோரையும் அதட்டினாள்.

"எனக்கும்தான் வந்துச்சு, போயிடலையா? அதே ஊசியைப் போட்டா இவளுக்கும் போயிடும். எழுந்திரிச்சு வேலையைப் பாருங்க."

அவள் சொன்னதில் பாதி நியாயம். கீமோவோடு சேர்த்து ஆரம்பித்து, பிறகு தனியாகவும் ஏற்றிய அந்த ஊசிதான் அவளைப் பிழைக்கவைத்தது. ஒவ்வொரு முறையும் கூட்டிப்போனவள் அக்கா. பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள்; யாராவது பிரேக்கை மறந்தால் நாலு தெரு கேட்கக் கத்துவாள். தங்கை பக்கத்தில் இருந்தால் மட்டும் வண்டி பூனை மாதிரி போகும்.

சிகிச்சை முடிந்ததும் சின்னவள் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் அந்த மருந்தின் புகழ் பாடினாள். கண்டதையும் அடிக்காதாம், கேன்சரை மட்டும் தேடிப்போய் அடிக்குமாம். எதை அடையாளமாக வைத்துத் தேடுகிறது என்று அவள் கேட்டதே இல்லை. பிழைத்தவள் எதற்குக் கேட்கப் போகிறாள்!

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அக்காவின் பயாப்சி ரிப்போர்ட்டை மேசையில் வைத்தார். "அந்த ஊசி இவங்களுக்கு வேலை செய்யாதும்மா."

"ஏன் டாக்டர்? ஒரே வயித்துல பொறந்தவங்க நாங்க. ஒரே ரத்தம்."

"ரத்தத்தைப் பார்த்து இல்ல, கட்டியைப் பார்த்துதான் மருந்து. உங்க கட்டியில ஹெர்-டூன்னு ஒரு புரதம் அளவுக்கு மீறி இருந்துச்சு. ஊசி அதைத்தான் போய்ப் புடிச்சுது. இவங்க கட்டியில புடிக்கிறதுக்கு அது இல்ல. ஹார்மோனைப் புடிக்கிற புரதமும் இல்ல, அதனால ஹார்மோன் மாத்திரைக்கும் வழியில்ல."

"ஒரு தடவை போட்டுத்தான் பாருங்களேன்." சின்னவள் வெட்கம் விட்டுக் கெஞ்சினாள்.

"கட்டி அசையாதும்மா. இதயம்தான் கெட்டுப்போகலாம்." அவர் ஸ்கேன் படத்தை அவர்கள் பக்கம் திருப்பினார். "கீமோ குடுப்போம், வேற மருந்துகளும் பார்ப்போம். ஆனா கல்லீரல் வரைக்கும் போயிருச்சு. தள்ளிப்போடத்தான் முடியும், முழுசா போயிடும்னு நான் சொல்லமாட்டேன். முன்னாடியே வந்திருந்தீங்கன்னா..."



வெளியே வராந்தாவில் சின்னவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உனக்கு எப்ப தெரியும்? உண்மையைச் சொல்லு."

"நீ இன்னும் ஊசிக்குப் போயிட்டு இருந்தியே, அப்பவே கட்டி கைக்குத் தட்டுப்பட்டுச்சு."

"ஒவ்வொரு தடவையும் கார்ல உன் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்? வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"அப்பதான் நீ கொஞ்சம் சிரிக்க ஆரம்பிச்சிருந்தே. முதல்ல உனக்கு வைத்தியம் முடியட்டும்னு இருந்தேன்." அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "அப்புறம், எனக்கென்ன அவசரம்னு நெனச்சேன்டி. எப்ப போனாலும் உன் ஊசி இருக்குல்ல?"

அவள் குரலில் குற்றம் சொல்லும் தொனி துளிகூட இல்லை. அதைத்தான் சின்னவளால் தாங்க முடியவில்லை. வராந்தா என்றும் பாராமல், தன் நோய்க்குக்கூட அப்படி அழாதவள், வாய்விட்டு அழுதாள்.

அக்கா அவள் முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள்.

"போதும்டி. நீயே இப்படி அழுதா, நான் யார்கிட்டடி போய் அழுறது?"

சின்னவளால் நிறுத்த முடியவில்லை.