நீக்கியதைச் சொன்னவள்

இத்தாலிய வீரர் எனியோ பஸாரி வடலண்டன் உதைபந்தாட்டக் கழகத்துக்கு வந்த முதல் நாள் மதியம், தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். சமையலறை வாசலில் நின்ற டொலறஸ் இத்தாலிய மொழியில் கேட்டாள்:

"உப்புக் காணாதோ?"

அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து மிச்சத்தைச் சாப்பிட்டார்.

டொலறஸ் இத்தாலியில், பலேர்மோ நகரத்தில் ஒரு வைத்தியர் வீட்டில் பதினொரு வருடம் வேலை செய்தவள். பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று குடும்பம் வடலண்டனில் எட்மண்டனுக்கு வந்த பிறகு, கழகத்தின் பயிற்சி மைதானத்தில் சமையல் வேலை கிடைத்தது. கழகத்துக்கு வந்தபோது பஸாரிக்கு முப்பத்தாறு வயது. ஒருகாலத்தில் ஒரே பருவத்தில் இருபத்திரண்டு கோல் அடித்த ஸ்ட்ரைக்கர். லண்டனில் இரண்டு வருடம் ஆடியும் ஆங்கிலம் அவருக்கு ஏறவில்லை. 2003 இலையுதிர் காலத்தில் முழங்கால் கைவிட்டது. அதே வாரம் பழைய மனேஜர் விலக, கழக உரிமையாளர் அந்தப் பதவியைப் பஸாரியிடமே கொடுத்தார். டொலறஸைக் கூப்பிட்டு, இனி நீ இவர் பக்கத்தில் நில், சொல்வதை அப்படியே சொல் என்றார்.

முதல் கிழமையே சொல்ல வேண்டிவந்தது. கேரி என்ற மற்ற ஸ்ட்ரைக்கர்தான் இரண்டு வருடமும் பஸாரியைத் தன் காரில் மைதானத்துக்குக் கூட்டிவந்தவன். அவனை அணியிலிருந்து எடுக்கப் பஸாரி முடிவு செய்திருந்தார். அறையில் மூன்று பேர். பஸாரி நிலத்தைப் பார்த்தபடி பேசினார். டொலறஸ் ஆங்கிலத்தில் சொன்னாள்:

"உன்ரை கால் பிந்துது. சனிக்கிழமை நீ இல்லை. அடுத்த சனிக்கிழமையும் இல்லை."

கேரி பஸாரியைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தான். அதற்குப் பிறகு அவள் சாப்பாட்டு மண்டபத்துக்குள் வந்தால் வீரர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

"நான் சொல்லேல்லை, அவர்தான் சொன்னவர்," என்றாள் கணவன் அருள்நேசனிடம்.

"வாய் உன்ரைதானே," என்றான் அவன், தொலைக்காட்சியைப் பார்த்தபடி.

அவளுக்குக் கோபம் வரவில்லை. எழும்பிப் போய் உடுப்பு மடித்தாள்.

அணி தோற்றது. தொடர்ந்த ஒன்பது ஆட்டத்தில் ஒரே வெற்றி. மழையில் மைதானக் கோட்டருகே நின்று பஸாரி கத்துவதை அவளும் ஆங்கிலத்தில் கத்தினாள். யாருக்கும் கேட்கவில்லை. பிறகு அவர் கத்துவதை விட்டார். அவளும் விட்டாள்.

பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை உரிமையாளர் இருவரையும் தன் அறைக்கு அழைத்தார். நிறையப் பேசினார். மரியாதை, உழைப்பு, கடினமான முடிவு. முதல் வசனத்திலேயே டொலறஸுக்கு விளங்கிவிட்டது. அவர் முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"உங்களை நிற்பாட்டிட்டினம்," என்றாள் இத்தாலிய மொழியில்.

"இவ்வளவு நேரம் கதைச்சாரே. இவ்வளவுதானோ?"

"ஓம். மிச்சமெல்லாம் நன்றி."

பஸாரி தலையசைத்தார். "இண்டைக்குப் பின்னேரம் பயிற்சி ஆர் எடுக்கிறது எண்டு கேளுங்கோ."

அவள் கேட்டாள். உரிமையாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கீழே வந்து அவர் சாப்பிட்டார். கோழியும் உருளைக்கிழங்கும். தட்டில் ஒன்றும் மிச்சமில்லை. டொலறஸ் எதிரே உட்கார்ந்து, தனக்கு அழுகை வருமா என்று காத்திருந்தாள். வரவில்லை. அவருக்கும் வரவில்லை. டாக்சி வந்ததும் கை கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த மனேஜர் ஸ்கொட்லாந்துக்காரர். டொலறஸ் சமையலுக்கே திரும்பினாள். கேரியை மறுபடி அணியில் சேர்த்தார்கள். சாப்பாட்டு வரிசையில் அவன் தட்டை நீட்டி, "நன்றி" என்றான், தட்டைப் பார்த்தபடி.

மே மாதத்தில் சமையலறைத் தொலைபேசிக்குப் பஸாரி அழைப்பு எடுத்தார். இத்தாலியில் பாரி நகரத்துக்குப் பக்கத்தில், மூன்றாந்தரப் பிரிவில் ஒரு அணிக்கு மனேஜர் ஆகியிருந்தார்.

"இஞ்சை நான் சொல்லுறது எல்லாருக்கும் விளங்குது, சிஞ்ஞோரா," என்றார். "ஆனாலும் தோக்கிறம்."

சிரிக்க வேண்டிய இடம் என்று அவளுக்குத் தெரிந்தது. சிரிப்பு வரவில்லை.

"நீங்கள் எப்பிடி?"

"இருக்கிறன்," என்றாள்.

அவர்தான் முதலில் தொலைபேசியை வைத்தார்.