புது நாற்காலி போன வீடு

சக்கரக் கூடத்தை இனிமேல் மருமகள்தான் பார்த்துக்கொள்வாள் என்று அப்பா சொன்னபோது மூத்தவள் சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வது? பக்கத்தில் தம்பி நிற்கிறான், கூடத்துக்கு உதவி செய்கிற நாலு பேர் நிற்கிறார்கள். அத்தனை பேருக்கும் நடுவில் தரையில் விழுந்து புரளவா முடியும்? “நல்ல முடிவுப்பா” என்று சொல்லிவிட்டு, தம்பி மனைவியின் தோளைக்கூடத் தட்டிக்கொடுத்தாள். தன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் வயிறு எரிய ஆரம்பித்தது.

அப்பா ஒரு காலத்தில் சைக்கிள் கடைக்காரர். கால் போன ஒருவரின் உடைந்த சக்கர நாற்காலியைச் சரிசெய்து கொடுத்துவிட்டுக் காசு வேண்டாம் என்றார். அன்றைக்குப் பிடித்தது பித்து. வேண்டாம் என்று ஜனங்கள் ஒதுக்கிப் போடுகிற நாற்காலி, ஊன்றுகோல், ஆஸ்பத்திரிக் கட்டில் எல்லாவற்றையும் வாங்கிப் பழுது பார்ப்பார். கேட்டு வருகிறவர்களுக்குச் சும்மா கொடுப்பார். தேவை தீர்ந்ததும் திருப்பித் தந்தால் போதும். சைக்கிள் கடை மெல்ல மெல்லச் சக்கரக் கூடமாகிவிட்டது.

அதில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நாற்காலி கொடுத்த இரண்டொரு நாளில் அந்த வீட்டுக்கு நேரில் போய், உட்காருகிறவரின் உடம்புக்கு ஏற்றபடி அதைப் பொருத்திக் கொடுத்துவிட்டு வரவேண்டும். கடை ஆளை அனுப்ப மாட்டார். “நம்ம வீட்டு ஆளுதான் போகணும்” என்பார். சின்ன வயதில் ஸ்பேனர் பையை மடியில் வைத்துக்கொண்டு, அப்பாவின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனது மூத்தவள்தான். தம்பிக்குக் கையில் கிரீஸ் பட்டால் ஆகாது.

அப்புறம் கல்யாணம், இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை, நகரத்தின் மறுகோடியில் வீடு. அவள் போன இடம் காலியாகக் கிடந்தது. தம்பி மனைவி வந்து உட்கார்ந்தாள். காலி இடத்தில் யாராவது வந்து உட்காரத்தான் செய்வார்கள், அது மூத்தவளுக்கும் தெரியும். தெரிந்துவிட்டால் எரிச்சல் அடங்கிவிடுமா என்ன? கூடத்துக்கு வருகிறவர்கள் எல்லாம் “மருமகம்மா இருக்காங்களா?” என்று கேட்பார்கள். மூத்தவள் எதிரிலேயே நிற்பாள். அவளை ஏதோ பொருள் கேட்டு வந்தவள் என்று நினைத்து, வரிசையில் நிற்கச் சொன்னவர்கள்கூட உண்டு.

அப்பாவுக்கு இப்போது முட்டி இரண்டும் போய்விட்டது. ஊருக்கெல்லாம் நாற்காலி கொடுத்தவருக்கே நாற்காலி வேண்டியதாயிற்று. மூத்தவள் சும்மா இருப்பாளா? கடை கடையாக ஏறி இறங்கி, இருப்பதிலேயே உயர்ந்ததாக ஒன்றை வாங்கினாள். அப்பாவின் குட்டைக் காலுக்குத் தகுந்தபடி கால்பலகையை ஏற்றி வைத்து, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து இறக்கினாள். அப்பா அதில் உட்கார்ந்து கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். மூத்தவள் ஓரக்கண்ணால் தம்பி மனைவியைப் பார்த்தாள். கூடம் உனக்கு, அப்பா எனக்கு என்று அந்தப் பார்வை சொன்னது.

செவ்வாய்க்கிழமை ஆபீஸ் முடிந்து நேராக வந்தாள். அப்பா ரெக்சின் கிழிந்து டேப் ஒட்டிய ஒரு பழைய நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். புதுசைக் காணோம்.

“எங்க அது?”

தம்பி மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “நேத்து ஒருத்தங்க வந்தாங்க அண்ணி. பெரிய ரோட்டுல தையல்கடை வெச்சிருக்கற அம்மா. வீட்டுக்காரர் பெயிண்டர், ஏணியிலருந்து விழுந்துட்டாராம். நம்மகிட்ட நல்லதா வேற எதுவும் இல்ல, அதனால...”

“அதனால எங்கப்பாவோடத தூக்கிக் குடுத்துட்ட. உங்கப்பாவுக்கு வாங்கினதா இருந்தா குடுப்பியா?”

“அண்ணி, நான் சொல்றதக் கொஞ்சம்...”

“ஒண்ணும் சொல்ல வேணாம். நான் போய் எடுத்துட்டு வரேன்.”

செருப்பை மாட்டியது பாதி, மாட்டாதது பாதியாகத் தெருவில் இறங்கினாள். தையல்கடையில் என்ன பேச வேண்டும் என்று வழிநெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ‘தவறுதலா குடுத்துட்டாங்க, இது எங்கப்பாவோடது.’ இரண்டே வாக்கியம். இதற்கு எதற்கு இத்தனை ஒத்திகை?

கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் பெயிண்டர் உட்கார்ந்திருந்தார். நெட்டை மனிதர். அப்பாவின் அளவுக்கு ஏற்றி வைத்த பலகையில் கால் வைத்திருந்ததால் முட்டி இரண்டும் மார்பு வரைக்கும் தூக்கிக்கொண்டு நின்றது. தொட்டிக்குள் திணித்த மாதிரி மடங்கிக் கிடந்தார்.

தையற்காரி எழுந்து வந்தாள். “சக்கரக் கூடத்துல இருந்துதானே? வருவாங்கன்னு சொன்னாங்க. உக்காருங்கம்மா.”

மூத்தவள் வாயைத் திறந்தாள். அந்த இரண்டு வாக்கியமும் தொண்டையில் தயாராகத்தான் இருந்தன. ஆனால் கண் அந்த முட்டியைவிட்டு நகரவில்லை. ஒரு மனிதரை இப்படியா உட்கார வைப்பது? கை பரபரத்தது.

“ஸ்பேனர் இருக்கா?” என்றாள்.

தையல் மெஷினுக்கு வைத்திருந்ததைக் கொண்டுவந்தாள் தையற்காரி. மூத்தவள் தரையில் மண்டியிட்டு, பெயிண்டரின் காலை அலுங்காமல் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, நட்டைத் தளர்த்திப் பலகையை இறக்கினாள். முதுகுப் பட்டையை இழுத்துக் கட்டினாள். ஒன்றும் மறந்துபோகவில்லை. பெயிண்டர் முதுகைச் சாய்த்து, “அப்பாடா” என்று ஒரு பெருமூச்சு விட்டார். எத்தனையோ வருஷம் கழித்து அவளுக்கு நெஞ்சு நிறைந்தது.

“எங்க பக்கத்து வீட்டுக்கும் இப்படித்தாம்மா வந்து செஞ்சாங்க, உங்க வீட்டு மருமக” என்றாள் தையற்காரி. “என்ன பொறுமை! என்ன கை! நீங்களும் அவங்க மாதிரியே செய்றீங்க. அவங்ககிட்டதான் கத்துக்கிட்டீங்களா?”

அவ்வளவுதான். ஸ்பேனரை ‘டங்’கென்று மெஷின் மேல் வைத்துவிட்டு, வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டாள்.

அவள் வந்தபோது அப்பா விழித்திருந்தார். தம்பி மனைவி அவர் பக்கத்தில் டீயோடு நின்றிருந்தாள்.

“வெறுங்கையோட வர்றியே, எடுத்துட்டு வரேன்னு போனியாமே” என்றார் அப்பா. “இவ மேல ஏன் பாஞ்சே? குடுத்தது நான். ‘அண்ணி ஆசையா வாங்கினது, வேணாம் மாமா’ன்னு இவ தலைகீழா நின்னா. வாசல்ல வந்து நிக்கறவனுக்கு ஓட்டையக் குடுத்துட்டு நான் புதுசுல உக்காரணுமா?”

மூத்தவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சண்டை போடுவதற்குக்கூட ஆள் இல்லாமல் போய்விட்டதே!

“எடுக்கலப்பா. பொருத்திக் குடுத்துட்டு வந்தேன்.”

அப்பா நிமிர்ந்தார். “கால்பலகை?”

“இறக்கிட்டேன்.”

“முதுகு?”

“இழுத்துக் கட்டிட்டேன்.”

“பிரேக்கு?”

மூத்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“பிரேக்கப் பாக்கலையா? கழுதை! எருமை! எத்தன வயசாச்சு உனக்கு? அந்த ஆளு எவ்ளோ வெயிட்டு, பிரேக்க இறுக்காம வந்து நிக்கறியே! வாசப்படியில உருண்டா யாரு பதில் சொல்றது? என்னோட எத்தன வீடு வந்திருப்ப! புத்தி எங்க மேயப் போச்சு?”

தெருவில் போகிறவன் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம். மூத்தவளின் காது மடல் சுட்டது. பேரன் பேத்தி எடுக்கப்போகிற வயதில் இப்படித் திட்டு வாங்குகிறோமே, அதுவும் இவள் முன்னாலா!

தம்பி மனைவி டீயைக் கீழே வைத்துவிட்டு ஸ்பேனர் பையை எடுத்தாள். “விடுங்க மாமா. நான் போய்ப் பாத்துட்டு வந்துடறேன்.”

“நீ இரும்மா. உனக்கெதுக்குச் சிரமம்?” என்றார் அப்பா, விருந்துக்கு வந்தவர்களிடம் பேசுகிற குரலில். பிறகு மூத்தவள் பக்கம் திரும்பி, “என்ன மரம் மாதிரி நிக்கற? பைய வாங்கிட்டு ஓடு!” என்று இரைந்தார்.

மூத்தவள் கையை நீட்டினாள். பை உடனே வரவில்லை. தம்பி மனைவியின் விரல்கள் அதை இறுக்கிப் பிடித்திருந்தன.

“இத்தன வருஷத்துல என்னை ஒரு தடவகூட இப்படித் திட்டினதில்ல அண்ணி” என்றாள் அவள், அப்பாவுக்குக் கேட்காத குரலில். சிரிக்கத்தான் பார்த்தாள். கண் மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் கண்ணில் இருந்தது என்னவென்று மூத்தவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.