நிக்கலில் ஏறிய கரி

டாம்சினுக்கு அந்த நிக்கல் துண்டின்மேல் இருந்த அக்கறையில் கால்வாசி தன்மேல் இருந்திருந்தால், காலையில் ஏதாவது சாப்பிட்டிருப்பாள். ஆஸ்திரேலியாவின் வுலங்கோங் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆராய்ச்சிக் குழுக்களுக்கும் சேர்த்து அந்த ஒரு துண்டுதான். முறை வைத்துத்தான் கிடைக்கும். சாயங்காலம் அடுத்த குழுவிடம் கொடுத்தாக வேண்டும். அதற்குள் சுத்தமான பரப்பில் ஓர் அளவு எடுத்துவிட்டால் ஆய்வேடு முடிந்தது. இல்லாவிட்டால் அடுத்த கோடைவரை காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

நிக்கல் லேசுப்பட்டதல்ல. சூடேற்றினால் உள்ளே பதுங்கியிருக்கும் கந்தகம் மேலே வந்து உட்காரும். அதை மாதக்கணக்கில் மல்லுக்கட்டித் தீர்த்துவிட்டாள். மிச்சம் கரிதான். வெற்றிடக் கலத்துக்குள் துளி ஆக்சிஜன் விட்டுச் சூடேற்றினால் கரி வாயுவாகிப் போய்விடும். போகத்தான் செய்தது. ஆனால் துண்டு ஆறி முடிவதற்குள் மறுபடியும் கரி. போன வாரத்துக்கு முன்னால் இந்தத் தொல்லை இல்லை.

எங்கோ கசிகிறது என்று முடிவுகட்டி, அழுத்தமானியை விட்டுக் கண்ணெடுக்காமல் உட்கார்ந்திருந்தாள், பாவம்.

கூடப் படிக்கும் ரோரி, மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட இரண்டு மீட் பையோடு வந்தான். "எந்திரிச்சு வந்து சாப்பிடு. நீ முறைச்சா எண் இறங்கிடுமா?"

"நான் போனா ஏறிடும்."

"ஆமா, உனக்குப் பயந்துதான் அது அடங்கி நிக்குது." கலத்தின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தவனின் கேலி நின்றது. "இந்த மானி புதுசா?"

"போன வாரம் நான்தான் மாட்டினேன். துண்டுக்குப் பக்கத்துல இருந்தாத்தானே அழுத்தம் சரியாத் தெரியும்?"

"மானிக்குள்ள இருக்கற இழை பழுக்கக் காயுதே, டாம்சின். துண்டுக்கு நேரா."

அவளுக்குச் சுரீரென்றது. சூடான இழை கார்பன் மோனாக்சைடைக் கிளப்பும். அதிலிருந்த கரிதான் நாளெல்லாம் துண்டின்மேல் படிந்துகொண்டிருந்திருக்கிறது.

"கசிவே இல்ல, ரோரி. காவல் காக்கறேன்னு நானே கெடுத்திருக்கேன்."

அவன் சிரிக்கவில்லை. "நானா இருந்தாலும் அங்கதான் மாட்டியிருப்பேன்," என்றான்.

இன்னொரு தரம் சுத்தம் செய்தாள். மானியை அணைத்தாள். துண்டு ஆறும்வரை உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாது. கை தானாக மானியின் பொத்தானுக்குப் போனது. அந்தக் கையில் ரோரி மீட் பையை வைத்தான். ஆறிப்போயிருந்தது. சாப்பிட்டாள்.

திரையில் கரிக்கான இடத்தில் கோடு தட்டையாக ஓடியபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டேதான் அளவை எடுத்தாள்.

சாயங்காலம் அடுத்த குழுவிலிருந்து வந்த பெண் துண்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "இதை எப்படிங்க பாத்துக்கணும்?"

"சுத்தம் பண்ணிட்டு மானியை அணைச்சிடு," என்றாள் டாம்சின். "அப்புறம் போய்ச் சாப்பிடு."