கதவுக்கு வெளியே ஒரு கால்

மருத்துவமனையின் பெண் ஊழியர் குழுக் கூட்டத்துக்குப் போகும்போதெல்லாம் பிசியோதெரபிஸ்ட் தன் குட்டையான இடது காலைக் கழற்றி வெளியே நாற்காலியில் வைத்துவிடுவாள். பக்கத்திலேயே தன் அயல்நாட்டு உச்சரிப்பையும் கைக்குட்டையில் முடிந்து வைப்பாள். மாற்றுத்திறனாளிகள் குழுவுக்குக் கால் போதும், பெண் என்று காட்டும் தலைப்பின்னலும் உச்சரிப்பும் வெளியே. வெளிநாட்டு ஊழியர் குழுவுக்கு உச்சரிப்பு மட்டும். எல்லா அறையிலும் அன்பாகத்தான் பேசினார்கள். அந்தந்த அறைக்கு உரியதை மட்டும் பேசினார்கள். வருடக்கணக்கில் இப்படியே ஓடியது. நாற்காலியில் இருக்கும் காலைத் தொடாமல் துப்புரவுப் பணியாளர் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போவார்.

பக்கவாதத்தில் விழுந்த தச்சரின் மகன்தான் வம்பைக் கொண்டுவந்தான். "அந்த நொண்டி வெளிநாட்டுப் பொம்பள எங்கப்பாவத் தொடக் கூடாது" என்றான். அதைப் புகாராக எழுதிக் கொடுத்தால் அவளை வார்டிலிருந்து கிடங்குக்கு மாற்றிவிடுவதாகத் தலைமை மருத்துவர் சொல்லிவிட்டார். அவள் மூன்று குழுக்களிடமும் ஓடினாள். அவன் சொன்னதிலிருந்து ஆளுக்கொரு சொல்லைப் பிரித்து எடுத்துக்கொண்டார்கள்.

"பொம்பளைங்கறத நாங்க பாத்துக்கறோம். மீதிய அவங்ககிட்ட கேளும்மா" என்றாள் பெண்கள் குழுத் தலைவி.

"அவன் ஒரே மூச்சுலதானக்கா சொன்னான்?"

வெளியே வந்தால் நாற்காலி காலி. கால் இல்லை, கைக்குட்டையும் இல்லை. சுவரைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் வார்டுக்குத் தாவினாள். சத்தம் கேட்டு மற்ற இரண்டு கதவுகளும் திறந்தன. எல்லாரும் பின்னாலேயே ஓடினார்கள்.

வார்டில் தச்சர் கட்டிலை விட்டு எழுந்து நின்றிருந்தார். அவருடைய மரத்துப்போன காலுக்குப் பக்கத்தில் அவளுடைய கால். "மெதுவா, முட்டிய நிமித்துங்க" என்றது காற்றில் அவளுடைய உச்சரிப்பு. மகன் இரண்டு கையையும் நீட்டியபடி நின்றான். தச்சரின் முட்டி மடங்கத் தொடங்கியது.

"அப்பா, பிடிச்சுக்கட்டுமா?"

"உனக்குப் பிடிக்கத் தெரியாதுடா, ரெண்டு பேரும் விழுவோம். தள்ளு, அந்தப் பொண்ணு முழுசா வரட்டும்."

அவள் பாய்ந்தாள். கால் தன் இடத்தில் பொருந்தியது. அவர் இடுப்புப் பட்டையை இறுக்கிப் பிடித்துத் தன் தாழ்ந்த இடுப்பை அவருக்கு அடியில் கொடுத்தாள். அந்தத் தாழ்வில் அவர் எடை அப்படியே உட்கார்ந்தது. தச்சர் நின்றார். வாசலில் நின்றவர்கள் அதன் பிறகுதான் மூச்சு விட்டார்கள்.

மகன் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. மறுநாள் நர்ஸிடம், "அந்த அக்கா எப்ப வருவாங்க?" என்று கேட்டான். மூன்று குழுக்களும் இப்போது ஒரே அறையில் கூடுகின்றன. சண்டை அதிகம், வெளியே கிடந்த நாற்காலியை உள்ளே போட்டும் இடம் போதவில்லை. கால் மட்டும் பழக்கத்தை விடவில்லை. சில நாள் அவளுக்கு முன்பே வார்டுக்குப் போய்விடும். அதைப் பார்த்ததும் நோயாளிகள் செருப்பைத் தேடத் தொடங்குவார்கள்.