குடிக்காதவரின் மூளைப் படம்

எவரிஸ்தோவுக்கு மூன்று வருடங்களாகச் சாப்பாடு போட்டவள் நான்தான். குடல் முறுக்கிக்கொண்டு பெரும்பகுதியை வெட்டி எடுத்த பிறகு, அவருக்கு உணவெல்லாம் நரம்பு வழியாகத்தான். பாரன்கியா நகரில் எங்கள் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் நான் கலந்து கட்டும் பைகள் வாரம் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போகும். தூங்கும்போது ஏற்றிக்கொள்வார். பகலில் தன் சலூனில் முடிவெட்டுவார்.

போன வருடம் கார்னிவல் திருவிழா முடிந்த வாரத்தில் அவர் கை நடுங்கத் தொடங்கியது. கத்தரிக்கோலை எப்படியோ சமாளித்தார். சவரக்கத்தியை எடுத்தால் மட்டும், "தாடி இருக்கட்டும்ணே, இப்ப இதுதான் ஃபேஷன்" என்று ஆள் எழுந்துவிடுவான்.

டாக்டர் கபார்காஸ் தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். மூளையின் நடுவே இடமும் வலமும் ஒரே மாதிரி இரண்டு வெள்ளைத் திட்டுகள். ஈரல் கெட்டவர்களுக்குத்தான் பெரும்பாலும் அப்படித் தெரியும். "எத்தனை வருஷமா குடிக்கிறீங்க?" என்று டாக்டர் கேட்டேவிட்டார்.

மனைவி ஒமைரா வீட்டுக்குப் போய் அலமாரி, தண்ணீர்த் தொட்டி, கோழிக்கூண்டு வரை தேடினாள். ஒரு பாட்டில்கூட அகப்படவில்லை. மறுநாள் காலையில் புருஷனையும் இழுத்துக்கொண்டு வந்து என் மருந்தகக் கண்ணாடியைத் தட்டினாள்.

"உண்மையச் சொல்லும்மா. பையில ரம்மு கிம்மு கலந்து அனுப்புறியா?"

"ஐயையோ, என்னக்கா இது!"

"பின்னே? சூப்பே ரெண்டு கரண்டிதான் இறங்குது இவருக்கு. குடிகாரன்னு பேரு மட்டும் முழுசா வந்திருச்சு!"

"நெசமாவே குடிச்சிருந்தா ஒரு சுகமாவது கண்டிருப்பேன்" என்றார் எவரிஸ்தோ.

சிரித்துவிட்டேன். ஆனால் அவர்கள் போனதும் அந்தப் பைப் பேச்சு மனதை அரித்தது. பட்டியலை எடுத்தேன். சர்க்கரை, கொழுப்பு, புரதம், விட்டமின். கடைசியில் தினமும் ஒரு சின்னக் குப்பி: துத்தநாகம், செம்பு, செலினியம், மாங்கனீசு. வாயால் சாப்பிட்டால் குடல் வேண்டியதை மட்டும்தான் உள்ளே விடும். நரம்பில் ஏறுவதை யார் தடுப்பது? மாங்கனீசு கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கினால் மூளைப் படத்தில் அதே இடத்தில்தான் வெளுப்பாகத் தெரியும். குப்பியை உடைத்து ஊற்றியது என் கைதானே.

டாக்டரிடம் ஓடினேன். ரத்தப் பரிசோதனையில் ஈரல் சரியாக இருந்தது. மாங்கனீசு மட்டும் இருக்க வேண்டியதைப் போல மூன்று மடங்கு.

"எழுதிக் குடுத்தது நான். ஒருதரம்கூட அளந்து பாக்கல" என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

அன்றே அந்தக் குப்பியை நிறுத்தி, மற்ற மூன்றையும் தனித்தனியாக அளந்து போட்டேன். ஐந்தாம் மாதம் நடுக்கம் அடங்கியது. பத்தாம் மாதம் எடுத்த படத்தில் திட்டுகள் ஊதிக் கலைத்த மாவு போல மங்கிக் கிடந்தன.

சவரக்கத்தி மீண்டும் வெளியே வந்த சனிக்கிழமை நானும் சலூனுக்குப் போயிருந்தேன். தாடிக்காரர்கள் காலி நாற்காலியைச் சுற்றி நின்றிருந்தார்கள்.

"நீ உக்காருடா முதல்ல."

"நீதானே மூத்தவன், நீ உக்காரு."

தள்ளுமுள்ளு நடக்கும்போதே டாக்டர் கபார்காஸ் உள்ளே வந்தார். நேராக நாற்காலியில் உட்கார்ந்து தாடையைத் தூக்கினார்.

"டாக்டரே, குடிகாரன் கையில கழுத்தைக் குடுக்கிறீங்களே, பயமா இல்ல?" என்றாள் ஒமைரா.

டாக்டர் குலுங்கிச் சிரித்தார்.

"சிரிக்காதீங்க, வெட்டிரும்" என்றார் எவரிஸ்தோ.

சலூனே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. ஒரு கீறல் இல்லை. டாக்டர் எழுந்ததும் அந்த நாற்காலிக்கு ஐந்து பேர் பாய்ந்தார்கள்.

எனக்கு வழிக்கத் தாடி இல்லை. ஒமைரா சோளமாவு அடைக்குள் முட்டை வைத்துப் பொரித்த அரேபாவைச் சுடச்சுட ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். அடுத்த கன்னத்துக்குச் சோப்பு குழைத்துக்கொண்டே எவரிஸ்தோ அதன் ஓரத்தில் ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.