முகக்கவசத்தில் ஒரு ஜன்னல்

உம்சுனாய் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. தப்பு என்னுடையதுதான். அதை எனக்கு நானே ஒத்துக்கொள்ளவே அந்த மூன்று நாளும் பிடித்தன.

செவிலியர் கல்லூரியில் எங்கள் வகுப்புக்கு நான்தான் தலைவி. உம்சுனாய் விடுதியில் என் பக்கத்துக் கட்டில். பிறவியிலேயே காது மந்தம். தலைநகர் பிஷ்கேக்கில் வாங்கிய காதுக் கருவி சத்தத்தைக் கொண்டுவரும்; சொல்லை அவள் பேசுகிறவர் உதட்டைப் பார்த்துத்தான் பிடிப்பாள். அறைக்குள் நாங்கள் அடிக்கும் அரட்டையில் ஒன்றும் அவளிடம் தப்பாது. ஆனால் செய்முறைத் தேர்வில் எல்லாரும் முகக்கவசம் போட்டிருப்பார்கள். துணிக்குப் பின்னாலிருந்து கேள்வி வந்தால் அவளுக்கு அது வெறும் முணுமுணுப்பு.

என் புத்தி எங்கே போயிற்றோ! அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வகுப்பு முழுக்கக் கையெழுத்து வாங்கிக்கொண்டு தேர்வாளர் சாய்ராகுல் எஜேயிடம் போய் நின்றேன். மூத்த பெண்களை எங்கள் ஊரில் 'எஜே' என்போம், அக்கா என்று பொருள். நன்றாகப் படிக்கிறவர்களுக்குத் தேர்வே வைக்காமல் ஐந்துக்கு ஐந்து போடும் வழக்கம் எங்களிடம் உண்டு. அதற்கு 'அவ்தமாத்' என்று பெயர். அதைத்தான் உம்சுனாய்க்குக் கேட்டேன். கண்டிப்புக்குப் பேர்போன எஜேயே இளகிச் சம்மதித்துவிட்டார். தேன் கேக் வாங்கிக்கொண்டு அறைக்கு ஓடினேன்.

"யாரைக் கேட்டு இதைச் செஞ்ச, சாதத்?" என்றாள் உம்சுனாய்.

"ஏண்டி, சும்மா கெடைக்கிற அஞ்சு கசக்குதா?"

"கசக்குது. நாளைக்கு வார்டுல என்ன சொல்லுவாங்க தெரியுமா? 'இது அவ்தமாத்துல வந்த செவிட்டுப் பொண்ணு, இதுகிட்ட ஊசியைக் குடுக்காதீங்க, உக்காந்து பதிவேடு எழுதட்டும்'பாங்க. நான் ஊசி போட்டு ஒருத்தர்கூட பாக்கலைன்னு ஆயிடும். கேள்வி கேக்குறவங்க வாய் எனக்குத் தெரியணும். வேற என்னடி கேட்டேன் நான்?"

சொல்லிவிட்டுக் காதுக் கருவியைக் கழற்றி டப்பாவில் போட்டு மூடினாள். அந்த டப்பா மூடிவிட்டால் பிறகு யார் கத்தினாலும் பயனில்லை. கேக்கை நானே தின்றேன்.

நான்காம் நாள் கத்தரிக்கோலோடு உட்கார்ந்தேன். புதுப் படுக்கை விரிப்பு வந்த பிளாஸ்டிக் உறையை வெட்டி, துணி முகக்கவசத்தில் வாய்க்கு நேரே ஜன்னல் வைத்துத் தைத்தேன். அதை மாட்டிக்கொண்டு அவள் எதிரே போய் நின்றேன். இரண்டு மூச்சு விட்டதும் ஜன்னல் முழுக்க ஆவி படிந்துவிட்டது.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கருவியை எடுத்து மாட்டிக்கொண்டாள். "பானை மூடி மாதிரி இருக்குடி உன் வாய்! தையல் வேற கேவலம்." அவளே பாத்திரம் கழுவும் சோப்பை உள்பக்கம் லேசாகத் தடவித் துடைத்தாள். பிறகு ஆவி படியவில்லை. என் தையலைப் பிரித்து மறுபடி தைத்தாள்.

இரண்டு பேரும் எஜேயிடம் போனோம்.

"எஜே, அந்த அஞ்சு எனக்கு வேணாம். தேர்வு வைங்க. இதை மட்டும் போட்டுக்கிட்டு வாங்க" என்றாள் உம்சுனாய்.

எஜே முகக்கவசத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தோத்தா தோத்ததுதான். பாவம் பாக்க மாட்டேன்."

"பாக்காதீங்க எஜே."

தேர்வன்று எஜே அதை மாட்டிக்கொண்டு வந்தார். ஜன்னலுக்குள் பளீரென்று சிவப்பு உதட்டுச்சாயம்! முகத்துக்குக் கிரீம்கூடத் தடவி நாங்கள் பார்த்திராத மனுஷி.

"என்னடி பல்லைக் காட்டுறீங்க? வாய் வெளிய தெரியும்னா சும்மாவா வர்றது?"

உம்சுனாய் முறை வந்தது. கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கேள்வியைப் பாதி சொல்லும்போதே, பழக்க தோஷம், எஜே மருந்து அலமாரிப் பக்கம் திரும்பிவிட்டார். இவள் குத்துமதிப்பாக ஏதாவது செய்துவைத்தால் போச்சு.

"எஜே, இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்க" என்றாள் உம்சுனாய், சத்தமாக.

எஜே திரும்பி, முதலிலிருந்து சொன்னார். உம்சுனாய் மருந்தளவைச் சொன்னாள், பயிற்சிக்கு வைத்திருந்த ரப்பர் கையில் நரம்பைத் தடவிக் கண்டுபிடித்தாள், ஊசி போட்டாள்.

"போட்ட ஊசியை மஞ்சள் டப்பாவுல போடாம தட்டுலயே விட்டுட்ட. நாலு" என்று எஜே அவளுடைய மதிப்பெண் புத்தகத்தில் எழுதிக் கொடுத்தார்.

"நாலு, சாதத்! நாலு!" புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். எத்தனையோ ஐந்து வாங்கியிருக்கிறேன், ஒன்றுக்கும் நான் அப்படிக் குதித்ததில்லை.

அவளைக் கட்டிக்கொண்டு, தோளில் முகம் புதைத்து, "மன்னிச்சிடுடி" என்றேன். அப்புறம்தான் உறைத்தது. என் முகக்கவசத்தை இறக்கி, முகத்தை நிமிர்த்தி அவள் கண்ணெதிரே கொண்டுவந்து, இன்னொரு தரம் சொன்னேன்.