லாரியிலிருந்து குதித்தவன்

மேலகரம் திருப்பம் நெருங்கியதும் வடிவம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அங்கேதான் சினிமாக் கொட்டகை. அந்த இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்று கீழப்புலியூரில் வண்டி ஏறும்போதே தீர்மானித்திருந்தாள். கண் கேட்டால்தானே! கூண்டு வண்டியின் பின்பக்கத்துச் சாக்குப் படுதாவை விலக்கிப் பார்த்தேவிட்டாள். கூரைத் தகரத்தை யுத்த வேலைக்கு வேண்டும் என்று யாரோ விலை பேசிக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மண் சுவரும், பனந்தூண்களும், படம் விழுகிற வெள்ளைச் சுவரும்தான் மிச்சம். அந்த வெள்ளைச் சுவரும் சாரலில் நனைந்து பாசி பிடித்துக் கிடந்தது. அதன் அடியில் யாரோ இரண்டு ஆடுகளைக் கட்டிப் போட்டிருந்தார்கள்.

மாமனார் நம்பிராஜன் வண்டிக்காரனோடு முன்னால் உட்கார்ந்திருந்தார். மாமியார் பேச்சித்தாய் எதிரே, கால்களை மடக்கி, வெளியே பார்த்தபடி இருந்தாள். ஆடி அமாவாசை. குற்றாலத்தில் ஆற்றங்கரையில் வைத்து மாடக்கண்ணுவுக்குக் கருமாதி. மாடக்கண்ணு வடிவம்மாளின் புருஷன். பட்டாளத்துக்குப் போனவன். சிங்கப்பூர் விழுந்த வருஷம் ஆளைக் காணவில்லை என்று சர்க்காரிலிருந்து தகவல் வந்தது. செத்தான் என்றும் இல்லை, இருக்கிறான் என்றும் இல்லை. சரி, காணாமல் போனவன் ஒருநாள் வருவான் என்று வீடு காத்துக்கொண்டிருந்தது. இப்போது நாத்தனார் முப்பிடாதிக்குப் புளியங்குடியில் சம்பந்தம் கூடி வருகிறது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் நல்ல மாதிரிதான். ஆனால் ஒரு சாவு முடியாமல் கிடக்கிற வீட்டில் எப்படிக் கைநனைப்பது என்று கேட்டுவிட்டார்கள். நம்பிராஜன் கொடுமைக்கார மனுஷர் இல்லை. அதைக் கேட்டு இரண்டு வேளை சோறு தின்னாமல் கிடந்தார். பிறகு எழுந்துபோய் நாவிதரிடம் சொல்லிவிட்டு வந்தார். கருமாதி முடிந்தால் தாலியைக் கழற்ற வேண்டும். சாயங்காலம் இதே வழியாக இதே வண்டியில் திரும்பும்போது வடிவம்மாளின் கழுத்து வெறும் கழுத்து.

கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்குப் புருஷனைக் காட்டிக்கொடுத்ததே அந்தக் கொட்டகைதான் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். வீடு நிறைய ஜனம். பகலெல்லாம் அவன் வயலில், அவள் அடுப்படியில். விளக்கை அமர்த்திய பிறகுதான் அறைக்குள் வருவான், விடியுமுன் மாடு பத்திக்கொண்டு போய்விடுவான். பெரியவர்கள் நடமாடுகிற வீட்டில் புருஷன் முகத்தை நிமிர்ந்து பார்க்கிற மருமகளை என்ன பேசுவார்கள் என்று அவளுக்கு அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். அதனால் அவன் குரல் தெரியும், வேர்வை வாசம் தெரியும், முகம்தான் சரியாகத் தெரியாது. கொட்டகையில் நடுவே இடுப்பு உயரத்துக்கு ஒரு மண் சுவர். இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். இரண்டு பக்கமும் ஆற்று மணல். மெஷின் ஒன்றே ஒன்று என்பதால் ஒரு சுருள் ஓடி முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டுத்தான் அடுத்ததை மாட்டுவார்கள். லைட்டை அமத்துலே என்று ஊரே கத்தும். வடிவம்மாளுக்கு மட்டும் அந்த விளக்கு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் அவன் எழுந்து, பின்னால் ஒட்டிய மணலை இரண்டு கையாலும் பட்பட்டென்று தட்டிவிட்டு, தூணில் சாய்ந்துகொண்டு திரும்புவான். மாமியார் பக்கத்தில் முறுக்கைக் கடித்துக்கொண்டிருப்பாள். இவள் முந்தானையால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு மீதிப் பாதியால் பார்ப்பாள். வலது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் ஏறுகிற உதடு. எல்லாம் அங்கே பார்த்துப் பார்த்து மனசில் எழுதிக்கொண்டதுதான். படத்தில் ராஜா என்ன ஆனான், ராணி என்ன ஆனாள் என்று கேட்டால் சத்தியமாக அவளுக்குத் தெரியாது. பீடிப் புகையும், வறுகடலை வாசமும், தூணில் சாய்ந்த அவனும்தான் அவள் பார்த்த சினிமா. அந்தச் சந்தோஷம் அவளுக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை.

போன தை மாதம் அதே கொட்டகைக்குப் பேச்சித்தாய் அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். பிள்ளை வீட்டுக்குள்ளேயே கிடந்து நசிகிறாளே என்ற இரக்கம்தான். படத்துக்கு முன்னால் யுத்தச் செய்திப் படம் ஒன்றைக் காட்டியே ஆக வேண்டும் என்று சர்க்கார் உத்தரவு. ஜனங்கள் அந்த நேரத்தில்தான் வெற்றிலை போடுவதும், பிள்ளைகளை ஒன்றுக்குக் கூட்டிப்போவதும். திரையில் ஒரு லாரி வந்து நின்றது. பின்பக்கமாகச் சிப்பாய்கள் ஒவ்வொருவராகக் குதித்தார்கள். அதில் ஒருவன் குதித்ததும் இரண்டு கையாலும் பின்னால் தட்டிக்கொண்டு, ஒரு கணம் இந்தப் பக்கமாகத் திரும்பிச் சிரித்தான். உதடு ஒரு பக்கம் ஏறியது.

வடிவம்மாள் எழுந்துவிட்டாள். கூப்பிட வேண்டும். என்ன சொல்லிக் கூப்பிட? புருஷன் பேரை ஒருநாளும் சொல்லிப் பழகாத வாய், அந்த நேரத்திலும் சொல்ல மறுத்துவிட்டது. "அன்னா… அன்னா…" என்று, அதோ அதோ என்கிற மாதிரி, திரையைப் பார்த்துக் கையை நீட்டினாள். உடம்பு வெடவெடவென்று ஆடியது, கொண்டை அவிழ்ந்து விழுந்தது. பக்கத்திலிருந்த ஒருத்தி, பிள்ளைக்குச் சாமி வந்துவிட்டது என்றாள். அவ்வளவுதான், ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி முந்தியில் முடிந்து வைத்திருந்த திருநீற்றை அள்ளிப் பூசினாள். ஒருத்தி எந்த அம்மன் வந்திருக்கிறது என்று விசாரித்தாள். இன்னொரு புண்ணியவதி தன் மகளுக்கு எப்போது பிள்ளை உண்டாகும் என்று குறியே கேட்டுவிட்டாள். அத்தனை கைகளையும் பிய்த்துக்கொண்டு அவள் திரும்பிப் பார்த்தபோது திரையில் யாரோ ஒரு துரை இன்னொரு துரையோடு கைகுலுக்கிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்துதான் மாமியாரிடம், லாரியிலிருந்து குதித்தது உங்கள் மகன் என்று சொன்னாள். பேச்சித்தாய் ஒன்றும் சொல்லவில்லை. மாமனார்தான், பித்துப் பிடித்த பேச்சு இனி இந்த வீட்டில் வேண்டாம் என்று கண்டித்துவிட்டார். அதற்குள் படப்பெட்டி வேறு ஊருக்குப் போயிருந்தது. திரும்பி வரும், வந்ததும் எல்லோரையும் இழுத்துக்கொண்டு போய்க் காட்டிவிட வேண்டும் என்று அவள் காத்திருந்தாள். மாசி பிறந்ததும் கொட்டகையையே மூடிவிட்டார்கள். மெஷினில் வெளிச்சத்துக்கு எரிக்கிற கார்பன் குச்சி கிடைக்கவில்லையாம், எஞ்சினுக்கு எண்ணெய் கிடைக்கவில்லையாம். அன்றிலிருந்து அந்த லாரியை அவள் மனசுக்குள்ளேயே ஓட்டிக்கொண்டிருந்தாள், பாத்திரம் விளக்கும்போதும் நாற்று நடும்போதும். ஓட்ட ஓட்ட அது தேய்ந்துகொண்டே வந்ததுதான் கொடுமை. தழும்பு வலது புருவமா, இடது புருவமா என்றுகூட இப்போது சந்தேகம் வந்துவிட்டது. சரிபார்க்க ஒரு போட்டோ உண்டா? போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று சொல்லி, எடுக்காமலே பட்டாளத்துக்கு அனுப்பிவிட்டார்களே, பாவிகள்.

குற்றாலத்தில் நல்ல சீசன். அருவிக்குப் போகிற வழியெல்லாம் ஈரத்துணியும் எண்ணெய் வாசமுமாக ஜனம். கூட்டத்தை விட்டு விலகி, ஆறு கொஞ்சம் அமைதியாக ஓடுகிற இடத்தில் வண்டியை அவிழ்த்தார்கள். நாவிதரும் சடங்கு செய்கிற பண்டாரமும் முன்னாலேயே வந்து வைக்கோலை நனையாத இடமாகப் பார்த்து வைத்திருந்தார்கள். உடம்பு கிடைக்காதவனுக்கு வைக்கோலில் ஆள் கட்டி, அவன் உடுத்திய வேட்டியைச் சுற்றி எரிப்பது வழக்கம். பண்டாரம் கால் எது கை எது என்று பிரித்துக் கட்டத் தொடங்கியதும் வடிவம்மாளால் நிற்க முடியவில்லை. அருவியில் குளித்துவிட்டு வருகிறேன் என்று மாமியாரிடம் சொன்னாள். பேச்சித்தாய் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

அவள் அருவிக்குப் போகவில்லை. கொட்டகையில் மெஷின் ஓட்டிய செல்லச்சாமி சீசனுக்குக் குற்றாலத்தில் எண்ணெய்க் கடை போட்டிருக்கிறார் என்று கிணற்றடியில் கேள்விப்பட்டிருந்தாள். ஒவ்வொரு கடையாக எட்டிப் பார்த்துக்கொண்டே ஓடினாள். கடைசியில் ஒரு தட்டிக்குக் கீழே, கருங்கல்லில் யாருக்கோ எண்ணெய் தேய்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், சாமி வந்த பிள்ளைதானே நீ என்று சிரித்தார்.

"சாமி வரல, அண்ணாச்சி. அந்த லாரியில இருந்து குதிச்சது எங்க வீட்டுக்காரவுக. மெஷின்கிட்ட நின்ன நீங்க நல்லாப் பாத்திருப்பியள்லா? எங்க மாமாகிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. இன்னைக்கு எனக்குத் தாலி கழத்தப் போறாவ."

செல்லச்சாமியின் சிரிப்பு நின்றுவிட்டது. மாடக்கண்ணுவை அவருக்கு நேரில் தெரியாது. ஆனால் அந்த லாரியை நன்றாகத் தெரியும். முதலாளிக்கு வாசுதேவநல்லூரிலும் புளியங்குடியிலும் கொட்டகை உண்டு. இங்கே ஓடிய பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு அங்கெல்லாம் போய் ஓட்டியதும் அவர்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"எப்படிச் சொல்லுவேன் தாயி. வாசுதேவநல்லூர்ல அந்த லாரி வந்ததும் ஒரு கிழவி எந்திரிச்சா. எம் மவனேன்னு திரைகிட்ட ஓடுனா. நீ சொல்லுத அதே ஆளுதான். புளியங்குடில ஒரு பிள்ள எங்க அண்ணன்னு அழுதா. அவளுக்காவ மறுபடியும் ஓட்டிக் காட்டுனேன். அப்பமும் அண்ணந்தான்னு சொல்லுதா."

"அவுக கையால பின்னால தட்டுனாவளே, அண்ணாச்சி."

"மணல்ல உக்காந்து எந்திரிக்கவன் எவன்தான் தட்டல?" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு அவள் நிற்கிற நிலையைப் பார்த்து அவருக்கே பொறுக்கவில்லை. "சொல்லு, வாரேன். அந்த ஆளுதான்னு உங்க மாமாகிட்டச் சொல்லிருதேன்."

இதைக் கேட்கத்தானே ஓடி வந்தாள்? இப்போது அது கைக்கு வந்ததும் வேண்டாம் என்று தலையாட்டினாள். அவர் பொய் சொல்வார், மாமா நம்பினாலும் நம்புவார், தாலியும் கழுத்தில் இருக்கும். ஆனால் அது அவன்தான் என்று அவளுக்கு யார் சொல்வது? திரும்பி நடந்தாள். அந்தக் கிழவி மேலும், முகம் தெரியாத அந்தத் தங்கச்சி மேலும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தன் ஆளை வழிமறித்துப் பிடுங்கிக்கொண்டது போல இருந்தது. யாரடி நீங்கள், எங்கிருந்தடி வந்தீர்கள் என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே வந்தவள், அவர்களும் இன்றைக்கு ஏதாவது ஒரு கரையில் நிற்பார்களோ என்று நினைத்ததும் அப்படியே வழியில் உட்கார்ந்து அழுதாள். அருவிக்குப் போகிற ஜனம் சுற்றி நடந்தது. யாரும் என்ன என்று கேட்கவில்லை. அமாவாசைக்கு அழுகிறவர்கள் அங்கே புதிதில்லை.

அவள் வந்து சேர்ந்தபோது வைக்கோல் ஆள் தயாராகிப் பாறைமேல் கிடந்தது. மாடக்கண்ணுவின் மயில்கண் கரை வேட்டியை இடுப்பிலிருந்து சுற்றியிருந்தார்கள். நம்பிராஜன் மொட்டைத் தலையோடு ஆற்றைப் பார்த்து நின்றார். பேச்சித்தாய் மட்டும் தள்ளி ஒரு மரத்தடியில் இருந்தாள். மருமகளைக் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"மிசினுக்காரன் என்னட்டி சொன்னான்?"

வடிவம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெரிந்துதான் அனுப்பியிருக்கிறாள். இத்தனை மாதம் வாயைத் திறக்காதவள், அந்த லாரியை அவளும்தான் உள்ளுக்குள் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"வேற ரெண்டு ஊர்லயும் பாத்திருக்காவளாம், அத்தை. அதே ஆள. ஒருத்தி மவன்னு சொன்னாளாம், ஒருத்தி அண்ணன்னு சொன்னாளாம். நான் பாத்தது யாருன்னு எனக்கே இப்பம் தெரியல. இனி என்னால முடியாது. மாமாவ ஆகவேண்டியதப் பாக்கச் சொல்லுங்க."

சொல்லிவிட்டுத் தாலிக்கயிற்றை ரவிக்கைக்குள்ளிருந்து வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டாள். பேச்சித்தாய் அவளைப் பார்க்கவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் எதையோ கணக்குப் பார்ப்பவள் மாதிரி இருந்தாள்.

"அப்பம் மூணு பயலும் உசிரோடதான் இருக்கானுவ."

வடிவம்மாள் திரும்பிப் பார்த்தாள். பேச்சித்தாய் அழவில்லை, நடுங்கவில்லை. அடுப்பில் உலை கொதித்துவிட்டது என்று சொல்வது போலச் சொல்லிவிட்டு எழுந்து நடந்தாள். அப்போது சாரல் வலுத்து இறங்கியது. நம்பிராஜன் கொள்ளிச் சட்டியை நனையாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பாறையில் ஏறினார். தள்ளு, நேரமாகிறது என்று பெண்சாதியிடம் சொன்னார். அவள் தள்ளவில்லை. வைக்கோல் ஆளின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். முந்தானையை உதறி விரித்து அதன்மேல் போர்த்தினாள். கால் வெளியே தெரிந்தது, இழுத்து மூடினாள். மழைக்காலத்தில் தூங்குகிற பிள்ளைக்குச் செய்வது போல ஓரங்களை அடியில் செருகிவிட்டாள். நாவிதர் மாமனாரைப் பார்த்தார். மாமனார் சட்டியிலிருந்து கிளம்பிய புகையைக் கையால் விலக்கி விலக்கி, பெண்சாதியின் நனைந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்.